மூன்று மைல் என்று சொன்னவள்

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு ராசிபுரத்தில் ஏறிய பெண், சேலம் பேருந்தில் என் முன் இருக்கையில் அமர்ந்தாள். அவளுடைய ஓட்டப் பயிற்சியாளர் கம்பியைப் பிடித்து நின்றார்.

"நாளைக்கு ஓடறது மூணு மைல்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேனுங்க சார்."

"அடிப்பாவி, மாரத்தான் இருபத்தாறு மைல் புள்ள!"

"நெசத்தச் சொன்னா உடுவாருங்களா? பாக்கறதுக்கு வாராருங்க. அரைமணியில நான் வரலீன்னா ரோட்டுல புகுந்து இழுத்துட்டுப் போயிருவாருங்க."

மல்லூர் தாண்டியதும் பயிற்சியாளர் அவள் பக்கம் குனிந்தார்.

"நான் உங்கப்பாகூட நின்னுக்கறேன்."

"அப்ப என்கூட சைக்கிள்ல ஆருங்க வாரது? தெனமும் நீங்கதானுங்களே வருவீங்க?"

"நாளைக்கு ஆருமில்ல."

"முடிக்க நாலு மணி நேரமாகுமுங்க சார்."

"நாலு மணி நேரமும் அவரு என்னைய வையட்டும். நீ திரும்பிப் பாக்காம ஓடு."