லேசருக்கு வைத்த பொட்டு

"லேசருக்குப் பொட்டு வெச்சது தப்பில்லப்பா. எங்க வெச்சான்றதுதான் பேஜாரு."

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய மின்சார ரயிலில், எனக்கு எதிரே ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர். பேசியவர் மூத்தவர், பலகை வெட்டும் லேசர் மெஷின் ஒன்றை வீட்டிலேயே சொந்தமாகக் கட்டியிருக்கிறாராம்.

"அண்ணி எங்கண்ணா வெச்சாங்க?"

"ஆயுத பூஜைக்கு மிக்சி, வண்டி எல்லாத்துக்கும் வெச்சினு வந்தா. மெஷினுக்குள்ள லேசரத் திருப்பி வுட்ற கண்ணாடி பளபளன்னு கீது. அதுக்கும் நடுவுல சந்தனம், குங்குமம். மறுநாளு தெரியாம ஆன் பண்ணிட்டேன். பொட்டு எரிஞ்சி கண்ணாடி வெடிச்சிப் போச்சு."

"திட்டினீங்களா?"

"எங்க? உனக்கு வர வேண்டிய கண்டம் கண்ணாடியோட போச்சுன்னு பூசணிக்கா சுத்தி ஒடைச்சா."

இளையவர் தலையாட்டினார். "இப்ப ஓடுதா?"

"புதுக் கண்ணாடி போட்டு, லேசர் வர்ற டியூபும் பெருசா மாத்திட்டேன். மொத வேலையா வட்டமா ஒரு பலகை வெட்டி மூடி மேல ஒட்டிக்கீறேன். பொட்டு வெக்கறதுக்குன்னே."

"அதுல வெச்சாங்களா?"

"வெச்சா, நேத்து வெள்ளிக்கெழம." மீஞ்சூர் வந்ததும் மூத்தவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "புதுக் கண்ணாடிய மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்னு, அதுக்கும் ஒண்ணு வெச்சிட்டா."