கொக்கியில் மாட்டிய கோட்டு

குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அந்தச் செயற்கைப் பனிக்கூடம் திறந்த நாள் முதல் அதன் கதவருகேதான் எனக்கு வேலை. உள்ளே பனிச்சரிவு, சனங்கள் காலில் பலகை கட்டிச் சறுக்கி, விழுந்து சிரிப்பார்கள். வெளியே நான், ஒட்டினாற்போல் என் அறை.

வருகிறவர்களுக்குக் கோட்டு கொடுப்போம். மூடும்போது யாரும் உள்ளே போய்த் தேடுவதில்லை. எல்லாக் கோட்டும் கொக்கிக்குத் திரும்பிவிட்டால் உள்ளே ஆள் இல்லை. வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவேன். சுந்தரின் கோட்டு கொக்கியில் இருந்தது, அதனால் பூட்டினேன் என்று முதல் நாள் விசாரணையிலேயே உங்களிடம் சொன்னேன் ஐயா. அது பொய்யில்லை. கோட்டு அங்கே எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் கூடம் கைமாறியது. புது முதலாளிகளை நான் பார்த்ததில்லை. முகம் காட்டாதவனை நான் நம்புவதும் இல்லை. சரிவை நீட்டவும் மேலே ஹோட்டல் கட்டவும் அளவெடுக்க அவர்கள் அனுப்பிய இஞ்சினியர்தான் சுந்தர். நம் பிள்ளை. பர்மியப் பேச்சுக்கு நடுவே தமிழும் பேசுவான். தினமும் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா வாங்கிவந்து என் கட்டிலில் உட்கார்ந்து தின்பான். என் மனைவி பவுனம்மாள் செத்தபின் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்த ஆள் அவன் ஒருவன்தான்.

அன்று திங்கியான் புத்தாண்டு விடுமுறை. ஊரே தெருவில் பாட்டுப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் குளிர் மெஷினும் நாங்கள் இருவரும்தான்.

“இதோட என் வேலை முடிஞ்சுது தாத்தா. இனிமே ஆபீஸ்லதான்.”

“என் அறை?”

“ரூமு இருக்காது. கதவு தானாத் திறக்கும், தானா மூடும். உங்கள மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது.”

“நான் எங்க போறது?”

“நம்ம சனம் இருக்கிற கியாக்தான் பக்கம் போய்க் கால நீட்டிப் படுங்க.”

“அங்க எனக்கு யாரு இருக்கா?”

“இங்க மட்டும் யாரு இருக்கா தாத்தா?” மொஹிங்காவை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் அளவெடுக்க உள்ளே கிளம்பினான். ஜிப் பிய்ந்திருக்கிறது, கோட்டைக் கொடு, தைத்துவைக்கிறேன் என்றேன். பிய்ந்திருந்தது உண்மைதான். சட்டென்று முடிகிற வேலைதானே என்று கழற்றிக் கொடுத்தான். போன் அதன் பையில் இருந்தது. அவன் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன். ஜிப்பைத் தைத்தேன். கோட்டைக் கொக்கியில் மாட்டினேன்.

முதலில் சிரித்தான். “தாத்தா, விளையாடாதீங்க.” பிறகு கதவைத் தட்டினான். நான் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, உன் அம்மாவைப் பற்றிச் சொல் என்றேன். சொன்னான். சின்ன வயதில் எங்கே இருந்தாய் என்றேன். அதையும் சொன்னான். திறப்பேன் என்று நினைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அவ்வளவு நேரம் யாரும் என்னோடு பேசியதில்லை. கடைசியில் தமிழ் விட்டுப்போய்ப் பர்மியத்தில் கூப்பிட்டான். நானும் பர்மியத்தில் பதில் கொடுத்தேன். சத்தம் நின்ற பிறகும் நான் எழுந்து போகவில்லை.

கொன்றேன் என்று எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். அவனைத் தனியாக விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.