வெள்ளைத் தாளில் தெரிந்த இதயம்

பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து போடுற ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டீங்க... பொறுங்க. அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை கேளுங்க. கதைன்னா கதையில்ல. நான் அங்கதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சரா இருந்தேன். வருஷா வருஷம் பல்கலைக்கழகத்துலேர்ந்து பி.எட். பிள்ளைங்க எங்ககிட்ட பயிற்சிக்கு வருவாங்க. நாற்பது நாள் இருப்பாங்க, கடைசியில பேராசிரியர் வந்து ஒரு பாடம் நடத்தச் சொல்லி மார்க் போடுவார். அவ்வளவுதான் நமக்கும் அவங்களுக்கும் உள்ள உறவு.

வர்றவங்களை எல்லாம் நான் எட்டு 'பி'க்குத்தான் அனுப்புவேன். ஏன்? அந்தக் கிளாஸ் சத்தம் போடாது. வர்றவங்க என்ன நடத்துவாங்க? இதயம். ஏன் இதயம்? சீனியர் கொடுத்த ரிக்கார்டு நோட்டுல இதயம்தான் இருக்கு. அதைப் பார்த்து அப்படியே எழுதினா வேலை முடிஞ்சுது. அந்த வருஷம் ஏழு பேர் வந்தாங்க. ஏழு பேருக்கும் இதயம்தான். ஒவ்வொருத்தரும் முதல் நாள் ஒத்திகை, மறுநாள் பரீட்சை. கணக்குப் போட்டுப் பாருங்க... அந்த நாற்பத்திரண்டு பிள்ளைங்க இதயத்தை எத்தனை தடவை கேட்டிருக்கும்?

ஏழாவதா வந்த பொண்ணு பேரு எஸ்தர்ராணி. நல்ல பொண்ணு. ஆனா பயந்த பொண்ணு. அன்னைக்குக் காலையில பதினொரு மணி. கடைசி பெஞ்சுல நானும் பேராசிரியர் தில்லைநாயகமும். எஸ்தர் சார்ட்டை விரிச்சு, ரெண்டு கையாலயும் நெஞ்சுக்கு நேரா பிடிச்சா.

"பிள்ளைங்களா, இது என்ன படம்?"

"மனித இதயம் டீச்சர்."

"எத்தனை அறைகள் இருக்கு?"

"நான்கு அறைகள் உள்ளன டீச்சர். மேலே வலது ஆரிக்கிள், இடது ஆரிக்கிள். கீழே வலது வெண்ட்ரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள்."

நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரல். ஒரே வேகம். மூச்சு விடுற இடம் கூட ஒண்ணு. அவ கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் வருது. பேராசிரியர் தலையை ஆட்டி ஆட்டி டிக் போடுறார். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்ப நடு வரிசையில ஒரு பொண்ணு எழுந்து நின்னா. சங்கவி. அந்தக் கிளாஸ்ல கேக்காம யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. மத்த நாற்பத்தோரு தலையும் ஒண்ணா அவ பக்கம் திரும்புச்சு... கோபமா இல்லைங்க. சும்மா பாக்குறாங்க.

"டீச்சர், சார்ட்டைத் திருப்பிப் பிடிங்க. என் தம்பிக்கு இதயத்துல ஓட்டைன்னு சொன்னாங்க. எந்த அறையிலன்னு பாக்கணும்."

திருப்பணுமா? எதுக்குத் திருப்பணும்? அப்பதான் நான் பார்த்தேன். படம் வரைஞ்ச பக்கம் எஸ்தர் நெஞ்சுப் பக்கமா இருக்கு. எங்க பக்கம் வெறும் வெள்ளைத் தாள்.

சத்தியமா சொல்றேன்... அதுவரைக்கும் எனக்கு அதுல இதயம் தெரிஞ்சுது. சிவப்பும் நீலமுமா, குழாய் எல்லாம் சேர்த்துத் தெரிஞ்சுது. பேராசிரியருக்கும் தெரிஞ்சிருக்கு, டிக் போட்டிருக்காரே. கிளாஸ் முழுக்க வெள்ளைத் தாளைப் பார்த்து இதயம் இதயம்னு சொல்லியிருக்கோம். பட்டப் பகல்ல எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு.

எஸ்தர் குனிஞ்சு பார்த்தா. முகம் வெளுத்துப் போச்சு. சார்ட்டைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, "சார், தப்பாப் பிடிச்சுட்டேன். மறுபடி நடத்தட்டுமா?"ன்னு கேட்டா.

பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லம்மா. பிள்ளைங்க சரியாத்தானே சொன்னாங்க. மார்க் போட்டாச்சு."

எஸ்தர் அப்படியே சங்கவிகிட்டப் போனா. "எந்த இடம்னு எனக்குத் தெரியலம்மா. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்"னா.

அதுக்கு அந்தப் பொண்ணு சாதாரணமாச் சொன்னா. "நாளைக்கு வரமாட்டீங்களே டீச்சர். மார்க் போட்டுட்டா யாரும் வரமாட்டாங்க."

எஸ்தர் பேராசிரியரைப் பார்த்தா. அவர் வாட்சைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து உங்களுக்கு யுனிவர்சிட்டியில கிளாஸ்மா." அவளை விடலை. மறுநாள் பதிலோட வந்திருக்க வேண்டியது யார்? நான்தான். அந்தப் பள்ளிக்கூடத்துலயே இருந்தவ நான்தானே. நான் என்ன செஞ்சேன்? "சங்கவி, உட்காரு"ன்னு சொன்னேன்.

மனசு கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு அவளைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு என்னமோ கேட்டியே, என்னம்மா அது?"

அந்தப் பிள்ளை நேரா நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, என் முகத்தைக் கூடப் பாக்காம சொல்லுச்சு...

"இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன டீச்சர்."

மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே குரல்ல அதையே சொல்லுச்சு. அதுக்கப்புறம் அந்தக் கேள்வி அவ வாயிலேர்ந்து வரவே இல்லைங்க. அதைக் கொன்னது நான். எஸ்தர் இல்ல, நான்.

பெரியவங்களே, பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடமும் கைகோக்குறதுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? நாற்பது நாள் பிள்ளைங்களைக் கடன் வாங்கிப் பாடம் நடத்திப் பார்த்துட்டுப் போறதா? பரீட்சைக்கு மறுநாள் ஒரு பிள்ளை கேள்வி கேட்டா, அதுக்குப் பதில் சொல்ல யார் அந்த வாசல்ல வந்து நிப்பாங்க? நீங்களா? நாங்களா? அதைப் பேசாம வாத்தியாரை உருவாக்க முடியாதுங்க. பதில் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைங்களைத்தான் உருவாக்கலாம், கேள்வி கேக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க செத்துப் போயிடுவாங்க.

உங்க ஒப்பந்தத்தைப் படிச்சேன். பதினாலு பக்கம். பயிற்சி எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுன்னு தேதி இருக்கு. முடிஞ்ச மறுநாள் யார் வருவாங்கன்னு எங்கயும் இல்ல. அதையும் ஒரு வரியாச் சேர்த்து, ஒரு ஆளோட பேரை எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க. யாரும் முன்வரலைன்னா என் பேரை எழுதிக்குங்க. எழுபத்தோரு வயசாகுது, முட்டி வலிக்குது... பஸ் ஏறி வந்துடுவேன்.