சர்பஞ்ச் செலவுல ஒரு தரிசனம்

இல்லண்ணா, பால் வோணா, நீங்க குடிங்க. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தவன நேரா கார்ல ஏத்தினு வந்துட்டாங்க. தூங்கலாம்னா எங்க? தரிசன க்யூ கம்பார்ட்மெண்ட்ட பூட்டிட்டாங்க, ஜனம் கோவிந்தா போட்டுக்கினே கீது.

காஞ்சீவரமா நீங்க? நமக்கு சத்தியவேடு பக்கம். வீட்ல தமிழு, ஆபீசுக்குப் போனா தெலுங்கு.

அதோ, கம்பில சாஞ்சினு தூங்குறாரே வெள்ளச் சட்ட, சிட்டிபாபு, அவருதான் என்னிய மலைக்கு இட்டாந்தாரு. எங்க சர்பஞ்ச்சோட, அதான் பஞ்சாயத்து பிரசிடெண்டோட ஆளு. காரு, டிபனு எல்லாம் அவங்க செலவு. சொந்தக்காரனா? ஐயோ, நீங்க வேற! சர்பஞ்ச்ச எதிர்த்து எலக்‌ஷன்ல நிக்கறேன்னேன், அதுக்குத்தான் இந்த மரியாதி.

அடிக்கல்லாம் மாட்டாங்கண்ணா. மொதல்ல, உனுக்கு எதுக்குப்பா இந்த வேலன்னாங்க. அப்பறம் எங்கம்மா பென்ஷன் நின்னுபோச்சி. கேட்டா, கம்ப்யூட்டர்ல அவங்க செத்துட்டதா காட்டுதாம். அம்மா என் பக்கத்துல குந்தினு மல்லாட்ட துன்னுனு கீது! அப்பறம் ஒரு கேமரா மாட்டுனாங்க, ஊருக்குப் பாதுகாப்பாம். ஊரு அந்தப் பக்கம் கீது, அது என் கதவப் பாத்துனு கீது.

எங்க ஊர்ல எப்பவும் ஏகக்ரீவம்தாண்ணா. அதான், போட்டியே இல்லாம ஒருத்தரே ஜெயிக்கறது. ஓட்டே நடக்காத ஊருக்கு கவர்மெண்ட் துட்டு வேற குடுக்குது, ஒத்துமையான ஊராம். என் தம்பிக்கு முப்பது வயசு, சர்பஞ்ச்சுக்குன்னு ஒரு ஓட்டு போட்டதில்ல. குழாய்ல சாக்கட வருதுன்னு போய் சொன்னா சிரிக்கறாரு. ஓட்டு கேக்காதவரு யாருக்குப் பயப்படுவாரு, சொல்லுங்க.

நாமினேஷன் போட இன்னிக்கு சாயங்காலத்தோட கடைசி. சாமியப் பாத்துட்டு வந்து போடலாம், இன்னா அவசரம்னு இட்டாந்துட்டாங்க. செல்போன கீழயே வாங்கி வச்சிட்டாங்க, இங்க எல்லாருக்கும் அப்டிதான.

இல்லண்ணா, ஏமாறல. தெரிஞ்சேதான் வந்தேன். நான் ஊர்ல இருந்தா வழியெல்லாம் ஆளு நிப்பாங்க. நான் இங்க இருந்தா அவங்க நிம்மதியா வூட்டுக்குப் பூடுவாங்க.

மெதுவா பேசுங்க. ஸ்ரீசிட்டி பேக்டரிங்களுக்கு வேலைக்குப் போற பொம்பளைங்க கம்பெனி வேன்ல போவாங்க. நீலக் கோட்டு, தலைக்குத் துணி, மாஸ்க்கு, யாரு எவருன்னே தெரியாது. அந்த வேன எவனும் நிறுத்த மாட்டான், நாமினேஷன் வாங்கற ஆபீசு வழியாத்தான் போவும். பக்கத்தூட்டு கௌசிகா இன்னிக்கி லீவு. அவ கோட்ட மாட்டினு, சோத்துப் பையில நாமினேஷன் பேப்பர வச்சினு செங்கம்மா போயிகீறா. நிக்கறது நான் இல்லண்ணா, அவதான்.

செங்கம்மாவா? எம் பொண்டாட்டி. போட்டாளோ, நடுவுல மடக்கிட்டாங்களோ, ஒண்ணும் தெரியல. எனுக்கும் போன் இல்ல, சிட்டிபாபுக்கும் போன் இல்ல. கதவு தொறக்கற வரிக்கும் ரெண்டு பேரும் குந்தினு இருக்க வேண்டிதான்.