ஒரே நாளில் ஓராண்டு

வேற்றுச் சூரியனைச் சுற்றும் கிரகங்களைப் பார்த்துவிடலாமென்று நம்பி, தொலைநோக்கியோடு ரிவர்ஸ்டன் மலை ஏறி, மூன்று நாள் பனிமூட்டம் பார்த்துத் திரும்பிய முட்டாள் நான். மாத்தளை பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள்.

இளையவள் போனைப் பார்த்துச் சொன்னாள்: “மதினி, புதுசா கண்டுபிடிச்ச கிரகத்துல ஒரு நாளுக்குள்ளயே ஒரு வருஷம் முடிஞ்சிருதாம்!”

“அம்மாடி! அங்கன்னா, அப்பன் செத்து வருஷம் திரும்பலன்னு எம் மக கல்யாணத்தத் தள்ளிப்போட வேணாமே.”

“ஆனா அண்ணனுக்குத் தினம் திவசம் வருமே?”

மதினி ஜன்னல் வழியே வானத்தையே பார்த்தாள். “வரட்டும். தினம் ஆக்கிப் படைக்கிறேன்.”

நானும் அண்ணாந்து பார்த்தேன்.

ரத்தோட்டையில் இறங்கும்போது இளையவள் கேட்டாள்: “உயிரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் அவருக்கு நேரத்துக்குச் சோறு போட்டீங்களா, மதினி?”