கைப்பிடி வச்ச கேபினட்

— கைப்பிடி வச்சதுதான் வேணும்ப்பா. எத்தனை தடவை சொல்றது?

— அதுல அப்படி என்ன இருக்குன்னு இவ்ளோ அடம்? டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு. இதப் பாரு வாலு, ஒரு பக்கம் பூரா கண்ணாடி, முன்னாடி மூணு ஃபேன். நம்ம ஹால்ல ஜன்னலோரமா வச்சா எப்படி இருக்கும், நீயே சொல்லு.

— பீரோ மாதிரி இருக்கும்.

— சார், நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. கடையைத் திறந்து வச்சுக்கிட்டு வாயை மூடி வச்சா யாவாரம் ஆகாது. சொல்லப்போனா, முதல் தடவை கம்ப்யூட்டர் சேர்க்கறவங்களுக்குப் பெரிய கேபினட்தான் தோது. கை உள்ள போய்வர இடம் இருக்கும். ஒயரையெல்லாம் பின்பக்கம் தள்ளி ஒளிச்சிடலாம். பாப்பா கேக்கறதுல ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பறதுக்குள்ள அழுகை வந்துடும்.

— கேட்டியா? கடைக்காரரே சொல்றார்.

— அண்ணே, சின்னதுல சூடு ஏறுமா?

— கொஞ்சம் ஏறும் பாப்பா. பொறுத்துக்கும், ஒண்ணும் ஆகாது.

— அப்ப சரி. அதையே குடுங்க.

— கேளு, நான் சொல்றத முழுசா கேளு. ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்கா இருக்கப் போற சாமான். அப்பப்ப உள்ள இருக்கறத மாத்திக்கலாம், கூடு அதே கூடுதான். நீ காலேஜ் போற வரைக்கும் நம்ம ஹால்ல அதே இடத்துல...

— காலேஜ் போற வரைக்கும் அந்த ஹால்ல யாருப்பா இருக்கப் போறா?

— என்ன பேச்சு இது? நம்ம வீட்டுல நாம இல்லாம வேற யாரு?

— சார், ஒரு விஷயம். போன வாரம் மதர்போர்டு வாங்கிட்டுப் போனீங்க, ஞாபகம் இருக்கா? அது முழு சைஸ். பாப்பா காட்டற கேபினட்டுக்குள்ள அது நுழையவே நுழையாது. தலைகீழா நின்னாலும் நுழையாது.

— அதானே. பாத்தியா? இனி பேசி என்ன பிரயோஜனம்? போர்டு பெரிசு, அதனால கேபினட்டும் பெரிசு. விடு.

— நான் சின்ன போர்டுதான் கேட்டேன். படம்கூடக் காட்டினேன். நீதான் கடையில சின்னதே வரலன்னு சொன்ன.

— வரலையா? சின்னது நம்மகிட்ட எப்பவும் கெடக்குமே பாப்பா. அதோ, மேல் தட்டுல. அன்னிக்குக்கூட சார் ரெண்டு பெட்டியையும் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு... சரி, பேசிட்டு இருங்க. அந்தக் கண்ணாடி கேபினட் உள்ள பெட்டியோட இருக்கான்னு பாத்துட்டு வரேன்.

— அப்பா.

— ம்.

— ஏன் பொய் சொன்ன?

— பெரிசு நல்லதுன்னு தோணுச்சு. அவ்ளோதான். அதுக்குன்னு கடைக்கு நடுவுல நிக்க வச்சு விசாரிக்கறியே.

— எனக்குத் தெரியும்ப்பா.

— என்ன தெரியும்?

— பரீட்சை முடிஞ்சதும் நானும் அம்மாவும் வேற வீட்டுக்குப் போறோம். நீ வரல.

— அம்மா சொன்னாளா? ரெண்டு பேருமா உக்காந்துதான் உன்கிட்ட சொல்லணும்னு பேசி வச்சிருந்தோமே.

— யாரும் சொல்லல. நீ ஹால்ல படுக்கற. கேட்டா குறட்டைங்கற. முன்னாடி மட்டும் நீ குறட்டை விடலையா? அம்மா என் சின்ன வயசு போட்டோவையெல்லாம் ரெண்டு ரெண்டா பிரிண்ட் போட்டு வச்சிருக்கா. ஒரே போட்டோ எதுக்கு ரெண்டு?

— வாலு...

— அழாதப்பா. ஆளுங்க பாக்கறாங்க.

— அழல. கடை பூரா தூசி.

— தோழி வீடுன்னு சொல்லி அம்மா ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. உள்ள ஒரு நாற்காலிகூட இல்ல. அம்மா சுவரையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தா. யாராவது தோழி வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாப்பாங்களா? ஒரே ஒரு ரூம்ப்பா. அந்தப் பீரோவைக் கொண்டு போய் வச்சா கதவையே திறக்க முடியாது. அதான் கைப்பிடி வச்சது கேட்டேன். உன்கிட்ட வரப்ப தூக்கிட்டு வரலாம், திரும்பிப் போறப்ப தூக்கிட்டுப் போகலாம்.

— இதையெல்லாம் தனியா உக்காந்து யோசிச்சியா?

— கூட உக்காந்து யோசிக்க யாரு இருந்தீங்க?

— சரி. நியாயம்தான். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. ரெண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மாதிரி ஒண்ண வாங்கி வீட்டுல போட்டுட்டா, அது இருக்கற இடத்துக்கு நீ வந்துதானே ஆகணும்னு. வயசுக்கேத்த புத்தியா இது?

— சிரிக்கல.

— ஒவ்வொரு சாமானா வாங்கினேனே, அதுவும் வேணும்னேதான். எல்லாத்தையும் ஒண்ணா வாங்கிட்டா ஒரே நாள்ல பூட்டி முடிச்சிடுவோம். நேத்து அந்த ப்ராசசரைப் போர்டுல வச்சப்ப நீ நாக்கை மடிச்சுக் கடிச்சுக்கிட்டு, என்னை மூச்சுவிடக்கூடாதுன்ன. நானும் விடல. இது இப்படியே முடியாம இழுத்துக்கிட்டுப் போகட்டும்னு இருந்துச்சு. எனக்கு மனசே ஆறலம்மா.

— அம்மாவைப் போக வேணாம்னு சொல்லேன்.

— சொன்னேன்.

— நல்லா சொன்னியா?

— எனக்குத் தெரிஞ்ச மாதிரியெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். அம்மா மேல கோவப்படாத. நாங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாலே ஒருத்தரையொருத்தர் குத்திக்கறோம், உனக்கே தெரியும். ஆனா அதுக்குக் காரணம் நீ இல்ல. அத மட்டும் மண்டையில ஏத்திக்கோ.

— சார், கண்ணாடி கேபினட் இருக்கு. கடைசிப் பெட்டி. கறுப்பு. எடுத்து வைக்கட்டுமா?

— வேணாம்ங்க. அந்தப் போர்டை மாத்தித் தருவீங்களா? பெட்டியைப் பிரிச்சாச்சு, ப்ராசசரும் வச்சாச்சு.

— சொல்லப்போனா பிரிச்சத எடுக்கறதில்ல. பின்னு எதுவும் வளையலன்னா கொண்டாங்க, பாப்பாவுக்காகப் பாக்கறேன்.

— வளையல. பொறுமையாதான் வச்சா. சின்ன போர்டு குடுங்க. கேபினட் கைப்பிடி வச்சது.

— வேணாம் அண்ணே. கறுப்பையே குடுங்க.

— வாலு, நான் மனசாரத்தான் சொல்றேன். நீ கேட்டதையே எடுத்துக்கோ.

— ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாங்க. நான் பில்லே போடல.

— பில் போடுங்க அண்ணே. பெரிசுதான். கண்ணாடி வச்சது.

— அந்த ரூம்ல அத எங்க வைப்ப? கதவு திறக்காதுன்னு இப்பதானே சொன்ன?

— அங்க வைக்கல. உன் ஹால்ல, ஜன்னலோரமா.

— அப்ப நீ அங்க எதுல விளையாடுவ, எதுல படம் வரைவ? எனக்காகப் பாத்து விட்டுக் குடுக்காத. அப்பா சமாளிச்சுக்குவேன்.

— உனக்காக மட்டும் இல்ல. அன்னிக்கு ஒரு நாள் ஹால்ல அப்பாகூடப் படுத்துக்கறேன்னு சொன்னேன்ல? சரி போன்னு சொல்லி என் தலகாணியை அம்மாவே எடுத்துக் குடுத்தா. போர்வைக்குன்னு திரும்பி வந்தா, கட்டில்ல என் பக்கத்தைத் தடவிக்கிட்டு அழுதுட்டு இருக்கா. அப்பாவைப் பாக்கப் போறேன்னு வாராவாரம் அவகிட்ட நான் எப்படிப்பா சொல்லுவேன்?

— அதுக்கு...

— கம்ப்யூட்டருக்காகப் போறேன்னு சொன்னா அழ மாட்டாப்பா.