பத்தாவது சன்னம்

2024 ஜூன் மாதம் 27ஆம் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் 9.40 மணி. இவ்வாக்குமூலம் பொலிஸ் சார்ஜன்ட் மஜீட் அவர்களால் தமிழ் மொழியில் பதிவு செய்யப்படுகிறது.

எனது பெயர் சுபோதினி தர்மகுலசிங்கம். வயது 46. முகவரி இல. 17/2, சங்கு ஒழுங்கை, வெள்ளவத்தை, கொழும்பு 6. தொழில் உடற்கல்வி ஆசிரியை. இதற்கு மேலதிகமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையிலுள்ள எயார் ரைபிள் கழகமொன்றில் ஒன்பது வருடங்களாகப் பயிற்சிப் பொறுப்பாளராக இருக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் எனக்கு உறவினர் அல்லர்.

பாமன்கடையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஷிராஸ் என்பவரும், நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்ற முத்துலிங்கம் என்பவரும் கழகத்தின் பழைய அங்கத்தவர்கள். ஷிராஸின் துவக்குக்கு ஜேர்மனியில் செய்த குழல். முத்துலிங்கத்தின் துவக்குக்கு செக் நாட்டில் செய்த குழல். இரண்டுக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு. எந்தக் குழல் திறம் என்ற வாக்குவாதம் இருவருக்கும் இடையில் கடந்த வருடம் தொடங்கியது. தேநீர் குடிக்கும்போதும் அதுதான், கழகக் கூட்டத்தில் மின்விசிறி திருத்துவது பற்றிப் பேசும்போதும் அதுதான்.

இதற்கு ஒரு முடிவு வரட்டும் என்று எண்ணி, மே மாதம் 12ஆம் திகதி நானே பரிசோதனை செய்தேன். மனிதக் கை படாதவாறு இரண்டு துவக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் இறுக்கிப் பூட்டி, ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ஈயச் சன்னங்களால், பத்து மீட்டரில் பத்துப் பத்து வெடிகள் வைத்தேன். அதன் பின்னர் ஆகத் தள்ளியிருந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தேன்; அது குறைந்தால் குழல் திறம். ஷிராஸின் குழலுக்கு 5.8 மில்லிமீட்டர், முத்துலிங்கத்தின் குழலுக்கு 7.1. முத்துலிங்கம் அதை ஏற்கவில்லை. முதல் நாள் குழலைத் துடைத்ததாகவும், துடைத்த குழல் பதினைந்து இருபது வெடி போகும்வரை ஒழுங்காகச் சுடாது என்றும் சொன்னார். அது உண்மை என்பதால் இருபது வெடி வைத்துவிட்டு, சற்றுப் பருமன் கூடிய சன்னத்தால் மறுபடி சுட்டேன். இம்முறை முத்துலிங்கத்தினது 5.5, ஷிராஸினது 6.4. ஷிராஸ் அதை ஏற்கவில்லை.

அதன் பின்னர் நான் இருவரையும் அருகில் இருத்தி, ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு சன்னம் பிடிக்கும் என்றும், இந்த இரண்டிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றும் விளங்கப்படுத்தினேன். கையில் பிடித்துச் சுடும்போது இருவருக்குமே இருபது மில்லிமீட்டருக்கு மேல் விலகுகிறது, ஆகவே திருத்த வேண்டியது கையைத்தான் என்றும் சொன்னேன். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை தொடர்ந்தது. ஜூன் 2ஆம் திகதி பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும் நேரத்தில் இருவரும் உரத்துக் கதைத்ததால், இதை வேறெங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னது உண்மை. சார்ஜன்ட் அவர்கள் கேட்டதற்காக மட்டும் அதைச் சொல்லவில்லை, பதிவாக வேண்டும் என்றே சொல்கிறேன்.

ஜூன் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பத்து மணியளவில், ஷிராஸின் வீட்டு மொட்டைமாடியில் இருவரும் இருபது மீட்டரில் போட்டி வைத்துள்ளனர். நான் அங்கு இருக்கவில்லை. அவர்கள் இருவரும் என்னிடம் ஒன்றுபோலச் சொன்னது இவ்வளவுதான்: சுவரோரமாக இரண்டு பெட்டிகளில் புதிதாகக் களிமண் அடைத்து, ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஓர் இலக்கு அட்டை மாட்டினார்கள். ஆளுக்குப் பத்துச் சன்னங்களைச் சவர்க்காரப் பெட்டி மூடியில் எண்ணி வைத்தார்கள். மாறி மாறிச் சுட்டார்கள். கடைசியில் மூடி வெறுமையாக இருந்தது. அந்த வேளையில் இடப்பக்கத்து வீட்டு மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மயிலம்மா என்ற பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து அந்த வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்பவர். வயது 38. சன்னம் வலக்கண்ணுக்குக் கீழே எலும்பில் தைத்திருந்தது.

அதன் பின்னர் என்னை அழைத்த சார்ஜன்ட் அவர்கள், வைத்தியசாலையில் எடுத்த சன்னம் எந்தக் குழலிலிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னார். எலும்பில் பட்டு நசிந்திருந்தபடியால் அதில் குழலின் உள்வரிகள் பதிந்த தடத்தை அடையாளம் காண முடியவில்லை. அட்டைகளைப் பார்த்தேன். முத்துலிங்கத்தின் அட்டையில் பத்து ஓட்டைகள். ஷிராஸின் அட்டையில் ஒன்பது. அந்த ஒன்பதும் ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியே இருந்தன. அதைச் சுட்டிக்காட்டியபோது ஷிராஸ் தன் குழலைப் பற்றிச் சொன்னது:

"டீச்சர், எண்ட பெரல் பக்கத்து வீட்டுக்குப் போற பெரலா? நீங்கதானே அளந்த. ஒன்பதாவது போன ஓட்டையாலேயே பத்தாவதும் போயிட்டு."

முத்துலிங்கம் தன்னுடைய பத்தும் அட்டையிலேயே கிடப்பதாகவும், பேருக்குத்தான் ஜேர்மன் குழல் என்றும் சொன்னார். இப்படி இரண்டு கிழமை போனது. இருவரும் தனித்தனியாக வீட்டுக்கு வந்தார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், அளவுகள் எழுதிய தாளின் பிரதியைக் கேட்டார்கள்.

இதற்கிடையில், ஜூன் 15ஆம் திகதி நான் வைத்தியசாலைக்குப் போய் மயிலம்மாவைப் பார்த்தேன். வலக்கண் மங்கலாகவே தெரிவதாகவும், அது முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதென வைத்தியர் கூறியதாகவும் சொன்னார். இருவரும் வந்தார்களா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது:

"வந்தாங்க டீச்சர், ரெண்டு பேரும் தனித்தனியா. அவுங்க துப்பாக்கி நல்ல துப்பாக்கின்னு சொல்லிட்டுப் போனாங்க. கண்ணு தெரியுதான்னு ஒருத்தரும் கேக்கல."

அட்டைக்குப் பின்னாலிருந்த களிமண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும் என்பது பதினேழு நாட்களாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் நேற்று முன்தினம்தான் தோன்றியது. நேற்று, 26ஆம் திகதி, சார்ஜன்ட் அவர்களின் முன்னிலையிலும் அவ்விருவரின் முன்னிலையிலும் அதே மொட்டைமாடியில் பெட்டிகளைத் திறந்தேன். களிமண் கலைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு கரண்டியால் சிறிது சிறிதாக வழித்து, ஒவ்வொரு சன்னமாக வெள்ளைத் துணியில் வைத்தேன். முத்துலிங்கத்தின் பெட்டியில் பத்து இருந்தன. ஷிராஸின் பெட்டியில் ஒன்பது இருந்தன. அடிப்பலகை தெரியும்வரை வழித்தேன். பத்தாவது இருக்கவில்லை.

அப்போது முத்துலிங்கம், "நான் அப்பவே சொன்னனான்" என்றார். நான் அவரைக் கதைக்க வேண்டாம் என்றேன். வைத்தியசாலையில் மயிலம்மா சொன்னதை இருவருக்கும் அப்படியே சொன்னேன். முத்துலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஷிராஸ் தண்ணீர்த் தாங்கிக்கு அருகில் போய் உட்கார்ந்தார். யாரும் கேளாமலே, நடந்ததைச் சொன்னார். ஒன்பதாவது வெடி விலகிவிட்டது என்று முத்துலிங்கம் இடப்பக்கத்திலிருந்து சொன்னாராம். இவர் பத்தாவது சன்னத்தைப் போட்டு, விரலை விசையில் வைத்தபடியே, பதில் சொல்வதற்காகத் துவக்கோடு அந்தப் பக்கம் திரும்பினாராம். வெடித்தது தெரியுமாம். அட்டைக்குப் போகவில்லை என்பதும் தெரியுமாம். முத்துலிங்கமும், தான் அதைச் சொன்னது உண்மை என்றும், அவர் திரும்பும்போது தான் குனிந்து கொண்டதாகவும் ஒத்துக்கொண்டார். அதாவது, அவருக்கும் அன்றே தெரியும்.

நாங்கள் படியிறங்கும்போது ஷிராஸ் பின்னால் வந்து என்னை நிறுத்தினார். மயிலம்மாவின் வைத்தியத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "டீச்சர், பெரல்ல பிழை இல்ல எண்டு மட்டும் சொல்லிருங்க" என்றார்.

ஆகவே அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அளந்த அளவில் இரண்டு குழல்களிலும் எந்தப் பிழையும் இல்லை. ஷிராஸின் குழல், அது திருப்பப்பட்ட இடத்துக்குத்தான் சரியாகச் சுட்டது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தபடி, ஒருவருடைய தூண்டுதலுமின்றி நானே சொன்னவை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்டேன், சரி. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

ஒப்பம்: த. சுபோதினி